குழாய்க்குள் செருகிய ஓடு

லோயிஸுக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். சித்தூரில் மிஷன் பெண்கள் விடுதியில் பதினெட்டு வருஷமாக அறுபது பேருக்குச் சமைத்து வந்தாள்.

1984-இல் சர்க்கார் மானியத்தில் விடுதிக்குப் புகையில்லா அடுப்பு வந்தது. பாதி விறகு மிச்சமாகும் என்றார்கள். கொத்தனார் இரண்டு பானைக்கு வாய் வைத்து, கூரைக்கு மேலே புகைக்குழாய் ஏற்றிவிட்டுப் போனார். கண்ணெரிச்சல் போனது. விறகுச் செலவு மட்டும் கூடியது.

"சர்க்கார் அடுப்பு வேற எப்படி இருக்கும்? விடு" என்றார் வார்டன் ஞானசௌந்தரி.

லோயிஸால் விட முடியவில்லை. அவ்வளவு சூடும் எங்கே போகிறது? இரண்டாவது பானைத் தண்ணீரில் விரல் வைத்தாள். வெதுவெதுவென்றுதான் இருந்தது. குழாயைத் தொட்டாள். விரல் கொப்பளித்துவிட்டது.

அடுப்பு ஆறியதும் குழாயின் அடியில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, உடைந்த கூரை ஓடு ஒன்றைக் குறுக்கே செருகினாள். முழுக்க அடைத்தால் புகை உள்ளே திரும்பியது. ஒரு வாரம் தள்ளியும் இழுத்தும் பார்த்தாள். இரண்டு விரல் இடைவெளி விட்டபோது இரண்டாவது பானையும் கொதித்தது.

மானியத்தின் மறுதவணைக்காகப் பார்வையிட வந்த அதிகாரி கோவர்த்தனன் குழாயில் செருகியிருந்த ஓட்டைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"இது பிளான்ல இல்லியேம்மா. எடுத்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்."

"எடுத்துடறேன் சார். அதுக்கு முந்தி விறக நிறுத்துப் பாத்துட்டுப் போங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். ஓட்டோடு ஒரு வேளைச் சமையல் முடியப் பன்னிரண்டு கிலோ விறகு ஆனது. மறுநாள் ஓட்டை எடுத்துவிட்டு, அதே அரிசி, அதே பருப்பு. பத்தொன்பது கிலோ. தராசுக்குப் பக்கத்தில் அவரே குந்திக்கொண்டார்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல சார். குழாய் சுட்டுது. சூடெல்லாம் அங்க போய்க்கினு இருக்குதுன்னு தெரிஞ்சிது."

ஓடு செருகியிருந்த விதத்தை அவர் நோட்டில் வரைந்துகொண்டார். மேலிடத்து அனுமதி வர நாலு மாசம் ஆனது. மறுதவணையும் அதோடு வந்தது. பாகாலா விடுதியிலும் அதே போல் அமைத்துத் தரும்படி லோயிஸை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அங்கே இரண்டு விரல் இடைவெளி போதவில்லை. புகை சமையற்கட்டை நிறைத்தது. அடுப்பு அச்சு அசலாக அதேதான். லோயிஸ் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"குழாய் வாயில ஏதாவது அடைச்சிக்கினு இருக்குதா?"

யாருக்கும் தெரியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள்.