அட்டையின் பின்பக்கம்

அமெரிக்க மண்ணில் ஒருநாளும் கால் வைக்காத என் கணவருக்கு இங்கே தினமும் கடிதம் வருகிறது. கிளீவ்லேண்டில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் தபால் பெட்டியைத் திறந்தால் மிஸ்டர் சுடலைமுத்துவுக்குத்தான் முதல் மரியாதை. ஆயுள் காப்பீடு எடுங்கள் மிஸ்டர் சுடலைமுத்து, புல் வெட்டும் மெஷின் வாங்குங்கள் மிஸ்டர் சுடலைமுத்து. அவரோ மூணாறுக்கு மேலே, மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துத் தேயிலை பேக்டரியில் மெஷினுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய விசாக் காகிதம் எந்த மேஜையிலோ தூங்குகிறது. நான் வந்த புதிதில் டெலிபோன் கேட்கப் போனபோது, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுவிட்டு அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். டெலிபோன் புத்தகத்தில் ஏறிய அந்தப் பெயரை ஊரிலுள்ள கம்பெனியெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவளும் வாடகை கொடுப்பவளும் நான். பேச்சியம்மாள் என்று ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள் என்பது தபால்காரருக்காவது தெரியுமோ என்னவோ.

அப்படி வந்ததுதான் தங்க நிற எழுத்துப் போட்ட அந்த உறை. ஒரு பாங்கி என் கணவரை அதன் உயர்தரக் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்க அழைத்திருந்தது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது ரேஷன் கார்டு மாதிரி காகிதம் இல்லை, உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் வில்லை. கடையில் இதை நீட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், மாதக் கடைசியில் பாங்கி கணக்கு அனுப்பும். சாதாரண அட்டை இலவசம். உயர்தர அட்டையை வைத்திருப்பதற்கு மட்டுமே ஆண்டுதோறும் கட்டணம் அழ வேண்டும். பதிலுக்குச் செலவழிக்கச் செலவழிக்கப் பரிசு தருவார்களாம். கூடவே பரிசுகளின் படப் புத்தகம் ஒன்றும் இருந்தது. காப்பிப் பாத்திரம், தோல் பெட்டி, கோல்ப் மட்டை என்று பக்கம் பக்கமாகப் படங்கள். நான் கோல்ப் ஆடி யார் பார்ப்பது! குப்பையில் போடப் போனவளின் கையை நிறுத்தியது கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரி. இந்த அட்டை இருந்தால் எந்தக் கிழமையிலும் எந்த நேரத்திலும் விமான டிக்கெட்டை டெலிபோனிலேயே வாங்கலாம் என்றது அது.

அந்த வரிக்காக நான் ஏன் நின்றேன் என்றால், என் அய்யா இறந்த தந்தி ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. பாங்கியில் பணம் இருந்தது, பாங்கி மூடியிருந்தது. விமானக் கம்பெனிக்காரர் ரொக்கம் கொடு, இல்லை கார்டைக் கொடு என்றார். செக் தருகிறேன் என்றதற்கு, அது மாறும்வரை காத்திருங்கள் என்றார். எல்லாம் சரியாகி, கொச்சியில் இறங்கி, பஸ் பிடித்து மலையேறி, எஸ்டேட்டுக் கூலி வீடுகளின் வரிசையான எங்கள் லயத்து வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அய்யாவின் குழிமேட்டில் போட்ட பூவெல்லாம் சருகாகியிருந்தது. அம்மா என்னைப் பார்த்து அழக்கூட இல்லை, அழுது முடித்திருந்தாள். இனி ஒருமுறை அப்படி நடக்கக் கூடாது. அதற்காக ஆண்டுக் கட்டணம் என்ன, அந்தக் கோல்ப் மட்டையையும் சுமக்கத் தயார் என்று பாங்கிக்குக் கிளம்பினேன்.

பாங்கி அதிகாரி நல்ல மனிதர்தான், அதுதான் எரிச்சல். என் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பிரமாதம் என்றார். பிறகு, உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

“அவர் இந்தியாவில் இருக்கிறார். இந்த நாட்டில் அவருக்கு வருமானமே இல்லை.”

அவர் குரலைத் தாழ்த்தி, “வருந்துகிறேன்” என்று சொல்லி, கண் துடைக்கும் காகிதப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கணவன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்துவிட்டார் மனிதர். விட்டுவிட்டு வந்தவள் நான்தான் என்று விளக்கினேன். அது அவருக்கு இன்னும் வருத்தமாகப் போயிற்று.

“கணவர் இல்லாதவள் என்றால் யாரிடம் கேட்பீர்கள்?”

“தகப்பனார் கையெழுத்துப் போடலாம்.”

“தகப்பனார் இறந்ததால்தான் ஐயா இந்த அட்டையே கேட்கிறேன்.”

அவர் மறுபடியும் அந்தக் காகிதப் பெட்டியை நகர்த்தினார். நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு இது. ஒருத்தி சம்பாதித்த காசுக்கு அவள் கையெழுத்துப் போதாது என்கிறது. தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

அடுத்த விடுமுறையில் விண்ணப்பத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போனேன். அணைக்குமேல் மூடுபனி, மாட்டுப்பண்ணை லாரி, லயத்துக்குள் ஈர விறகுப் புகை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. என் கணவர் அந்தத் தாளைக் கைபடாமல் எட்டி நின்று பார்த்தார்.

“இதுல நான் ஒப்புப் போட்டா ஜாமீன் மாதிரில்லா?”

“அப்படித்தாங்க.”

“அப்ப முடியாது. சொசைட்டிக் கடனுக்கு நம்ம முருகனுக்கு ஜாமீன் நின்னேன். அவன் ராவோட ராவா போடிக்கு எறங்கிட்டான். ஏஞ் சம்பளத்துலதான புடிச்சாக? அன்னைக்கே சத்தியம் பண்ணிட்டேன், இனி எவனுக்கும் ஜாமீன் நிக்கதில்லன்னு.”

“நான் எவனோ இல்ல. ஒங்க பொண்டாட்டி.”

“அதான் யோசிக்கேன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். அங்கே அந்த அதிகாரி இவர் இல்லாமல் முடியாது என்கிறார். இங்கே இவர் முருகனை இழுத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு நாட்டு ஆண்களும் பேசி வைத்துக்கொண்டு என்னைப் பந்தாடுகிறார்கள் என்றே பட்டது.

அப்போது அம்மா கொழுந்து எடுத்துவிட்டு, மழைக்குக் கட்டிய நனைந்த படுதாவை இடுப்பிலிருந்து அவிழ்த்தபடி உள்ளே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

“சம்பாரிக்கது நீ. ஒப்பு மட்டும் இவுககிட்ட எதுக்குக் கேக்கான் அந்தத் தொர? எனக்குச் செக்ரோல்ல பேரு ஏத்துனப்ப ஒங்கய்யாவயா கேட்டாக? பெரட்டுல எம் பேரத்தான கூப்ட்டாக? அவுக காச்சல்ல படுத்த அன்னைக்கும் எனக்குப் பேரு விழுந்துச்சு.”

எஸ்டேட்டில் விடிகாலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று சொல்வோம். அன்றைய வேலை ஒருவர் கணக்கில் ஏறினால் பேர் விழுந்தது என்போம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு ஆள்கணக்கு எழுதும் அந்தச் செக்ரோல் புத்தகத்தில் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. எஸ்டேட்டு ஒன்றும் சொர்க்கமில்லை, அட்டைப்பூச்சிக்கும் குளிருக்கும் நடுவே அவள் இடுப்பை ஒடித்துப்போட்ட இடம்தான் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களை மலையாளத்துக்காரர்கள் இன்றைக்கும் பாண்டி என்றுதான் சொல்கிறார்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தபோது தமிழத்தி என்றார்கள். கிளீவ்லேண்டில் வாயில் நுழையவில்லை என்று பெட்சி ஆக்கிவிட்டார்கள். ஆனால் எங்கே போனாலும், கூப்பிடுவதற்காவது எனக்கென்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இந்த அட்டைக்காரர்கள்தான் அதுவும் வேண்டாம் என்கிறார்கள்.

“எங் கைநாட்டு செல்லும்னா நான் வைக்கேன்” என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். “அது கெடக்கட்டும், ஏட்டி, அந்த அட்ட என்னத்துக்கு?”

நான் பரிசுப் புத்தகத்தை விரித்துத் தோல் பெட்டியைக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒங்கய்யாவுக்கு வர முடியாமப் போச்சு. அதுக்கா?”

நான் புத்தகத்தை மூடினேன். என் கணவர் எழுந்து அடுப்பு விறகைத் தள்ளிவிடப் போனார்.

“நான் செத்த பொறவு வெரசா வந்து என்னத்தப் பாக்கப் போற? மூஞ்சியத்தான? அத இப்பப் பாரு. உசுரோட இருக்கையில வாரதுக்கு அந்த அட்ட ஆகாதா?”

பெரட்டில் ஒருநாள் பேர் வேண்டாம் என்று சொல்லி வருகிற மாதிரியா அமெரிக்காவிலிருந்து வருவது என்று கத்தினேன். லீவு என்றேன், வார்டு என்றேன், டிக்கெட் விலை என்றேன். கத்தக் கத்த எனக்கே தெரிந்துவிட்டது, நான் அம்மாவின் சாவுக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன் என்று. அப்புறம் அழுகை வந்துவிட்டது. அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது தாளில் என் கணவரின் கையெழுத்து இருந்தது. பேக்டரிக்குக் கிளம்பி வாசலில் நின்றவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “மொதல்ல ஜாமீன் நின்னது முருகனுக்கு. அவன் திரும்பி வரல. நீ வா, பேச்சி.” ஜாமீனுக்கு அவர் பயந்த பயம் பணத்துக்காக மட்டுமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாங்கி அதிகாரி அந்தக் கையெழுத்தைக் கண்டதும் குளிர்ந்துபோனார். பேக்டரிச் சம்பளத்தை எந்த நாட்டுப் பணத்தில் எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அட்டை தபாலில் வந்தது, தங்க நிறத்தில், தடவினால் விரலில் தட்டுப்படும் புடைத்த எழுத்தில், மிஸஸ் சுடலைமுத்து என்று. பின்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை, அங்கே கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் பேனாவை எடுத்துத் தமிழில் பேச்சியம்மாள் என்று அழுத்தி எழுதினேன். இடம் பற்றாமல் கடைசி எழுத்து ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

பல மாதம் அது பாஸ்போர்ட்டோடு அலமாரியிலேயே கிடந்தது. தந்திக்காக வாங்கியதைத் தந்தி வராமல் எடுக்கக் கை வரவில்லை. கடைசியில் தலைமை நர்ஸிடம் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு, டெலிபோனை நம்பாமல் விமானக் கம்பெனிக்கே நேரில் போனேன்.

“குடும்பத்தில் ஏதேனும் துக்கமா?” என்று அங்கிருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்.

“இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். அதனால்தான் போகிறேன்.”

அவள் ஏதோ போல என்னைப் பார்த்தாள். அட்டையின் முன்பக்கத்தைப் படித்தாள், திருப்பினாள், மறுபடி திருப்பினாள். இந்தப் பெயர் நீங்கள்தானே என்றாள். ஆமாம் என்றேன். அப்படியானால் பின்னால் இருப்பது யார் என்றாள். அதுவும் நான்தான் என்றேன். பின்னால் உள்ளபடியே போடுங்கள் என்று ரசீதை நீட்டினாள். பேச்சியம்மாள் என்று எழுதினேன். அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டியபோது, பெரட்டில் எனக்கும் ஒரு பேர் விழுந்த மாதிரி இருந்தது. பிறகு டிக்கெட்டையும் அட்டையையும் சேர்த்து என் கையில் கொடுத்து, “போய் வாருங்கள், மிஸஸ் சுடலைமுத்து” என்றாள்.