மணவூர் பிளாட்பாரத்து ஆள்

என் அக்காவை அவள் புருஷன் மணவூர் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனார். நாங்கள் அவரை பாவா என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். அந்தச் சொல்லும் அந்த 'அவர்'உம் வாயில் ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. மரியாதையால் அல்ல.

கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. கிருத்திகைக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி ஒரு நாள் காலையில் பிரம்புப் பெட்டியோடு அவளை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார். பெட்டியை இறக்கி வைத்து, டிக்கெட்டை அவள் கையில் கொடுத்து, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனார். மூன்று ரயில் வந்து போனது. அதன் பிறகுதான் அக்கா கையை விரித்துப் பார்த்தாள். ஒரே ஒரு டிக்கெட்.

மறுநாள் எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், போய்க் கேட்டபோது, பாவாவின் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "உங்க பொண்ணுதாங்க சொல்லாம கொள்ளாம கெளம்பிப் போயிடுச்சி" என்றாளாம். பாவா உள்ளேதான் இருந்தார். சட்டை கொடியில் தொங்கியதை நைனா பார்த்திருக்கிறார். வெளியே வரவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நாலு வயது. பொதட்டூர்பேட்டையிலிருந்து தினம் பஸ் ஏறி, திருத்தணியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து கிலோ உடம்பு. பாவாவை அடிக்கப் போனால் நான்தான் அடிபட்டு வருவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் அவரை விதவிதமாகக் கொன்றேன். கிணற்றில் தள்ளினேன். லாரிக்கு முன்னால் நிறுத்தினேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் இறங்கி, பிள்ளைகளுக்கு ஏ எஸ் டி எஃப் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் இன்ஸ்டிடியூட் ஓனர், சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கம்ப்யூட்டர் என்றால் தடித்த கீபோர்டு மட்டும்தான். அதை ஒரு கருப்பு வெள்ளை டிவியில் மாட்டவேண்டும். எழுதிய புரோகிராமை டேப் ரெக்கார்டரில், பாட்டு கேசட்டில்தான் பதியவேண்டும். கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகம். "நீ படிச்சிப் பாத்து இன்னா பண்ணலாம்னு சொல்லுப்பா" என்று ஓனர் என்னிடம் தள்ளிவிட்டார். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். அதில் வீடியோ கேம் எழுதலாம் என்று இருந்தது. ஒரு ஆளை எட்டுக்கு எட்டு கட்டத்தில் புள்ளி வைத்து வரையலாம், நடக்கவைக்கலாம், விழவைக்கலாம். படித்தவுடனே யாரை வரையப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் எழுதியதில் ஒரு பிளாட்பாரம். மேலே மணவூர் என்று இங்கிலீஷ் எழுத்தில் பலகை. பெட்டியோடு ஒரு பெண், முறுக்கு மீசையோடு ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு ஆள். பொத்தானை அழுத்தினால் பெண் கல்லெறிவாள். பட்டால் அவன் தண்டவாளத்தில் விழுவான், பத்து பாயிண்ட். எழுதி முடித்த அன்று அவரை நூறு முறையாவது விழவைத்திருப்பேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

டைப்பிங் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் விளையாடினார்கள். மூன்றாம் நாள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. கே.ஜி.கண்டிகையிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். டைப்பிங்கில் ஹையர் பரீட்சைக்குப் படிப்பவள், படபடவென்று பேசுவாள். "ஏம்மா, புடிக்கலையா?" என்று கேட்டேன்.

"எவனோ ஒருத்தன் ஓடிகினே கீறான் சார். அவன் மேல எனக்கு இன்னா கோவம்?"

சுருக்கென்றது. என் கோபமெல்லாம் அந்த மீசையில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அது வெறும் மீசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்து வந்து காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்றுதான். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்த ஆள் நாலைந்து முறை விழுவதைப் பார்த்தாள்.

"யாருடா இது?"

"பாவாதான்."

"பாவா எங்கடா ஓடினாரு? அவர் எதுக்குமே ஓட மாட்டாரு. மெதுவாத்தான் நடப்பாரு. எதனா கேட்டாக்க, பதில் சொல்லாம குனிஞ்சி செருப்பு வார சரி பண்ணுவாரு. வார் நல்லாத்தான் இருக்கும். நாம கேக்கறத விடறவரிக்கும் நிமிர மாட்டாரு."

நான் பேப்பரை எடுத்து எழுதிக்கொண்டேன். நான் பார்த்த பாவா கல்யாணப் பந்தலிலும் விருந்திலும் பார்த்த பாவா. அவள் நாலு வருஷம் பார்த்தவள். டிவியைப் பார்த்துக்கொண்டே, எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"டீ குடிக்கப் போறேன்னு கெளம்பினவரு, கேட் வரிக்கும் போயிட்டு திரும்பி வந்தாருடா. பொட்டி வெயில்ல இருந்துச்சி. தூக்கிக் கொண்ணாந்து மரத்து நெழல்ல வெச்சாரு. 'துணி வெளுத்துடும்'னாரு. அப்புறந்தான் போனாரு."

நான் பேப்பரைக் கீழே வைத்தேன். "அத நான் போட மாட்டேன். பாக்கறவங்க அவரை நல்லவர்னு நெனச்சிடுவாங்க."

"அது இல்லன்னா அது அவரு இல்ல" என்றாள் அக்கா. "எவனோ ஒரு திருடன். திருடன் உட்டுட்டுப் போனான்னா நான் ஏன் மூணு ரயில் வரிக்கும் உக்காந்திருக்கப் போறேன்?"

இரண்டு நாள் முரண்டு பிடித்தேன். பிறகு மீசையை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். இப்போது அந்த ஆள் ஓடவில்லை. பெண்ணை நகர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் போனால் குனிந்து செருப்பைத் தொடுவார். விலகினால் நடப்பார். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி வரும். கேட்டருகே நின்று, திரும்பி வந்து, பெட்டியை நிழலில் வைத்துவிட்டுப் போவார். கல்லெறியும் பொத்தான் அப்படியேதான் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் எறியலாம்.

முதல் நாள் ஒருவர்கூட எறியவில்லை. அவர் பெட்டியை நோக்கித் திரும்பி வரும்போது டிவியைச் சுற்றி நின்றவர்கள், "வர்றான், வர்றான்" என்றார்கள். பெட்டியை வைத்துவிட்டு அவர் போனதும், பொத்தானில் கைவைத்திருந்த பையன், "இரு, டீ குடிச்சிட்டு வருவான்" என்று ஆள் இல்லாத பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு எழுந்து போய் டிவியை உடைக்கலாம் போலிருந்தது. அவரைக் கொல்லத்தான் இதை எழுதினேன். இவர்கள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

கே.ஜி.கண்டிகைப் பெண் மட்டும் மறுபடி மறுபடி விளையாடினாள். மூன்றாவது தடவை, பெட்டியை வைத்துவிட்டு அவர் நிமிரும் நேரம் பார்த்து எறிந்தாள். அவர் விழுந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பொட்டி வெயில்ல இருந்தா துணி வெளுக்கும்னு தெரிஞ்சவனுக்கு, இவ உக்காந்திருப்பான்னு தெரியாதா சார்? எல்லாம் தெரிஞ்சிதானே போறான். இவனை உடக்கூடாது."

அன்று பஸ்ஸில் நான் பாவாவைக் கொல்லவில்லை. கொல்ல வேண்டிய ஆள் யாரென்று அன்றுதான் எனக்கே சரியாகப் புரிந்திருந்தது. மீசைக்காரனை வெறுப்பது சுலபம், மறப்பதும் சுலபம். நிழல் பார்த்துப் பெட்டியை வைத்தவரை மறக்கவே முடியாது.

மாணவர்களும் மறக்கவில்லை. வகுப்பிலிருந்து நடுவில் நழுவுகிறவனைப் பார்த்து, "இன்னா, டீ குடிச்சிட்டு வரியா?" என்று கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அது என் வீட்டுக் கதை என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். இன்ஸ்டிடியூட்டில் பத்திரம், மனு டைப் அடித்தும் கொடுப்போம். வாசல் மேஜையில் அன்று கே.ஜி.கண்டிகைப் பெண்தான் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே ஒரு மிஷினுக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். யாரோ வந்து, டைப் அடிக்க ஒரு தாளைக் கொடுத்தது கேட்டது. அவள் வழக்கம்போல் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தாள். "மேற்படி என் மனைவி மணவூர் ரயில் நிலையத்திலிருந்து சொந்த விருப்பத்தின் பேரில் தாய்வீடு சென்றுவிட்டபடியால், நான் மறுமணம் செய்துகொள்ள..."

அதற்குமேல் படிக்கவில்லை.

"அவங்க கையெழுத்து எங்கங்க?" என்று கேட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். பாவா குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

பக்கத்து மிஷினில் அடித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். அடுத்தவன் அவனைப் பார்த்து நிறுத்தினான். பன்னிரண்டு மிஷின். ஒவ்வொன்றாக நின்று கடைசியில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அந்த அமைதியில்தான் பாவா நிமிர்ந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மிரண்டுபோனார். அந்தப் பெண் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணா, டீ குடிச்சிட்டு வந்துட்டீங்களா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீயாப்பா..." என்றார்.

"உக்காருங்க பாவா" என்றேன். பல நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை. டிவியைப் போட்டுக் காட்டினேன். உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தார். பலகையைப் பார்த்தார். குனிந்து செருப்பைத் தொடும் ஆளைப் பார்த்தார். அந்த ஆள் திரும்பி வந்து பெட்டியைத் தூக்கியபோது மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதையும் சொன்னாளா?"

"அதத்தான் சொன்னா."

கல்லெறியும் பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. அழுத்தினேன். அவர் பார்க்கப் பார்க்க அழுத்தினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அவர் தாளை எடுத்து மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ஒரு வாரத்தில் அந்த இரண்டாம் கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. கல்யாணப் பெண்ணின் வீட்டார் கே.ஜி.கண்டிகைப் பக்கம்தான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் டைப்பிங் பெண் அங்கே போய்ச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. பேச்சு நின்றதைச் சொன்னபோது சிரித்தாள்.

பாவா வந்துபோன அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். நெய்துகொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்தப் பொண்ணு கேட்டத இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாய்வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை அவளுக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று, படியிறங்கும்போது பாவா கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று சேர்த்துச் சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"அத எடுத்துடு" என்றாள். "அவரு அழ மாட்டாரு."