நான்கு நாள் உறைகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். பேய் என்ற பேச்சையே வீட்டில் எடுக்க விடமாட்டேன். ஆனாலும் போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று என் மருந்துக்கடையில் நடந்தது அத்தனையும் உண்மை. நேரங்களை அன்றே ஒரு தாளில் குறித்து வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

தென் ஆஸ்திரேலியக் கடற்கரையில் எங்கள் சிற்றூருக்கு இருப்பது ஒரே மருந்துக்கடை. லோர்னா என்கிற நான் அதை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உதவிக்குக் கெர்ரி. இருபது வருடமாக அந்தக் கல்லாவில் நிற்பவள்.

எங்களிடம் தினமும் மாலை 5.10க்கு க்ளென் வருவான். மீன்பிடிப் படகில் வேலை. முப்பத்து நான்கு வயது. தனியாள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். ஒரு முறை இருந்ததையெல்லாம் மொத்தமாக விழுங்கிப் பிழைத்தவன். அதனால் டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார்: அன்றன்றைக்குள்ளதை மட்டும் அன்றன்று கொடுக்கவும். ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்போம்.

ஈஸ்டருக்கு வெள்ளி முதல் திங்கள் வரை கடை கிடையாது. மூடும் நாட்களுக்கு உரியதை முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான் வழக்கம். நானும் புதன் மாலையே ஐந்து உறைகள் கட்டினேன். வியாழனுக்கு ஒன்று, விடுமுறைக்கு நான்கு. கிழமை எழுதி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

வியாழன் காலை 8.40. பூட்டு பூட்டியபடி இருந்தது. ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்... நான்கு உறைகளும் கல்லாவின் மேல் வரிசையாகக் கிடந்தன.

"கெர்ரி, இதை நீ எடுத்தியா?"

"சாவி உங்க கழுத்துல தொங்குது, முதலாளியம்மா. நான் என்ன மந்திரவாதியா?"

மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மதியம் 2.15. அதே நான்கு உறைகள், அதே இடத்தில். இந்த முறை நனைந்திருந்தன. அன்று மழையே இல்லை. மாத்திரைகளை வேறு உறைகளுக்கு மாற்றினேன். தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலை 4.30. ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் ஓர் அம்மா. பால் நிறக் கம்பளிச் சட்டை. மடியில் கைப்பை. கதவு மணி அடிக்கவே இல்லை.

"என்னம்மா வேணும்?"

"காத்திருக்கேன்." பிறகு மெதுவாக, "நாலு நாள்... தனியா இருக்கிறவங்களுக்கு ரொம்ப நீளம்."

தொலைபேசி மணி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினேன். நாற்காலி காலி. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்...

"அந்த நாற்காலியிலயா?" கெர்ரி சிரித்தாள். "காலையிலேருந்து ஒருத்தரும் உக்காரல. முதல்ல கண்ணாடியை மாத்துங்க."

5.10. க்ளென் வந்தான். அவன் நாய் டாட்டியும் கூட.

"என்ன முதலாளி, சாக்லேட் முட்டை ஒண்ணும் கிடையாதா?"

ஈஸ்டருக்கென்று கெர்ரி சுட்டு வந்த, சிலுவை போட்ட பன் ஒன்றைக் கையில் வைத்தேன். "லீவுக்கு எங்க போற?"

"எங்கயும் இல்ல." நாயின் கயிற்றை என் பக்கம் நீட்டினான். "டாட்டியை நாலு நாள் வச்சுக்குவீங்களா? தொல்லை பண்ண மாட்டா."

எங்கும் போகாதவன் நாயை ஏன் விட்டுப் போகிறான்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கடவுள் என்னை மன்னிக்கட்டும். நாயை வாங்கிக்கொண்டு, ஐந்து உறைகளையும் கொடுத்து அனுப்பினேன்.

5.55. கெர்ரி போய்விட்டாள். டாட்டி கதவைப் பார்த்து ஊளையிடத் தொடங்கியது. தொலைபேசி அடித்தது.

முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். பிறகு, நாற்காலியில் இருந்த அம்மாவின் அதே குரல்.

"எண்ணிட்டிருக்கான்..."

"யாரு?"

"நீ குடுத்தது மட்டும் இல்ல. பல வாரமா முழுங்காம சேத்து வச்சிருக்கான்... ஓடு."

ஆம்புலன்ஸை அழைத்தேன். பக்கத்து ஊரிலிருந்து வர அரை மணி நேரம் என்றார்கள். காரை எடுத்தேன். ஜெபம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. 'ஆண்டவரே, ஆண்டவரே' என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

6.04. க்ளென் வீட்டு வாசல்.

டக். டக். டக்.

யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவின் முன்னால் யாரும் இல்லை.

காய்ந்த பலகையில் ஈரக் காலடிகள்.

டக். டக்...

கைப்பிடியைத் தொட்டேன். சத்தம் நின்றது.

உள்ளே க்ளென் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே மாத்திரைக் குவியல். தண்ணீர் நிறைந்த டம்ளர்.

"நீங்கதானா தட்டினது?"

"இல்லப்பா."

"டம்ளரைத் தூக்கறேன்... தட்டறாங்க. போய்ப் பாத்தா ஆளில்ல. வந்து உக்காந்தா மறுபடி தட்டறாங்க. ஆறு தடவை." அவன் உடைந்தான். "முடியல, லோர்னா."

மேசையில் இருந்த அனைத்தையும் என் பைக்குள் வாரிப் போட்டேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடியலன்னு சொல்லு. எத்தனை தடவை வேணா சொல்லு. நான் எங்கயும் போகல."

6.31க்கு ஆம்புலன்ஸ் வரும்வரை சொன்னான். பையை அவர்களிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைத் தாதி அழைத்தார். "நல்லா இருக்கார். டாட்டி சாப்பிட்டாளான்னு கேக்கறார்." பிறகு தயங்கினார். "அஞ்சு உறைதான் கட்டினதா சொன்னீங்க. பையில ஆறு இருக்கு. ஒண்ணு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. மேவிஸ் ரோடான்னு பேரு. அது யாரு?"

பெயரைத் திருப்பிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கெர்ரியின் முகம் வெளுத்தது.

"முந்தின ஈஸ்டர்..." அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்களும் தினம் வந்து வாங்கறவங்கதான். அந்த நாற்காலியிலதான் காத்திருப்பாங்க. பால் கலர் கம்பளிச் சட்டை. பழைய முதலாளி நாலு நாளைக்கும் சேத்துக் குடுக்கச் சொன்னார். அத்தனையையும் முழுங்கிட்டாங்க. செவ்வாய்க்கிழமைதான் கொல்லையில உயிரில்லாம கிடந்ததைப் பாத்தோம். நாலு நாளும் விடாத மழை. அந்த உறையில இருக்கிறது என் கையெழுத்தாத்தான் இருக்கும், லோர்னா. என் கையாலதான் குடுத்தேன்."

அதன் பிறகு எந்த விடுமுறை நாளிலும் மாலை ஒரு மணி நேரம் கடையைத் திறக்கிறேன். ஒரே ஒருவருக்காக என்றாலும் திறக்கிறேன். கெர்ரியும் கூப்பிடாமலே வந்து நிற்பாள்.

இந்த வருடப் புனித வெள்ளியன்று 5.10க்கு க்ளென் வந்தான். ஒரு நாள் உறையை வாங்கினான். டாட்டி நேராக அந்த நாற்காலியிடம் போனது. அண்ணாந்து பார்த்து, யாரோ தலையைத் தடவிக் கொடுப்பதுபோல் கண்களை மூடிக்கொண்டு வாலை ஆட்டியது.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது.