வீட்டில் எத்தனை பேர்?

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. பினாங்கு, பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காரை நிறுத்திவிட்டு ஏஜென்டுக்காகக் காத்திருந்தோம். முன்னால் நானும் என் கணவர் குணாவும். பின்னால் அப்பாவும், ஆறு வயது மகள் யாழினியும்.

ஏழாவது மாடியில் ஒரு வீடு காலி. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடம் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கடல் தெரியும் என்று போட்டிருந்தால்கூட நான் அவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டேன்.

யாழினிக்கு வரும் ஜனவரியில் ஒன்றாம் ஆண்டு. எந்தப் பள்ளி என்று கேட்பீர்களே... தமிழ்ப்பள்ளிதான். வேறு பள்ளியோ என்று இந்தப் பத்திக்குக் கண்டனக் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தவர்கள் மூடி வைக்கலாம். ஆனால் நல்ல தமிழ்ப்பள்ளி. நூலகம், அறிவியல் கூடம், வகுப்புக்கு ஓர் ஆசிரியர். நான் படித்த செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். அவர் எங்கள் பக்கம் திரும்பும்போது படிப்போம், அந்தப் பக்கம் திரும்பும்போது விளையாடுவோம். அப்படிப் படித்துத்தான் பல்கலைக்கழகம் வரை போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. உங்களுக்கும் தெரியும்.

அந்தப் பள்ளியில் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் முதல் இடம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். அதற்கு மாத முடிவுதான் கடைசி. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலில் குடியிருந்துகொண்டு ஆசைப்பட்டால் நடக்காது. குணாவுக்கு பாயான் பாருவுக்குப் பக்கத்திலேயே ஃபேக்டரி வேலை, எனக்கு ஜார்ஜ்டவுனில் அலுவலகம். தினமும் இரண்டு வேளை பாலத்தைக் கடந்து நாங்களும் களைத்துப்போயிருந்தோம். சரி, குடும்பத்தோடு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

குடும்பம் என்றால் அப்பாவும்தான். அம்மா இறந்த பிறகு நான்கு வருடமாக எங்களோடு இருக்கிறார். யாழினியைப் பாலர் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவதும், கூட்டி வருவதும், சோறு ஊட்டுவதும் அவர்தான். பள்ளி விடுவதற்கு அரை மணி நேரம் முன்பே கேட்டுக்கு வெளியே போய் நின்றுவிடுவார். அங்கே படிக்கிற அத்தனை குழந்தைகளின் பெயரும் அவருக்குத் தெரியும்.

வீடு தேடுவது சுலபம் என்று நினைத்தேன். படித்தவள் இல்லையா? கணினியில் அட்டவணையே போட்டேன்... பள்ளி எவ்வளவு தூரம், பாசார் எவ்வளவு தூரம், மழை பெய்தால் எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கும், எல்லாம். ஆனால் முதல் வீட்டுக்குப் போன் போட்டதும் வந்த முதல் கேள்வி என் அட்டவணையில் இல்லை.

“நீங்க என்ன இனம்?”

சொன்னேன். “சாரி ஆ, ஓனர் இந்தியர்களுக்குக் கொடுக்கிறதில்லை” என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. கோபம் இல்லை, தயக்கம் இல்லை. கடையில் வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். இது பினாங்கில் வீடு தேடியவர்களுக்குப் புதிதில்லை. எனக்கும் புதிதில்லை. ஆனாலும் அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வீடு நம் ஆட்களுடையது. தரை வீடு. வீட்டுக்கார அம்மா தமிழில் பேசியதும் எனக்கு உயிர் வந்தது. எல்லோரும் போனோம். அப்பா சந்தோஷத்தில் சுவரைத் தட்டிப் பார்த்து, “சிமெண்டு நல்லாப் போட்ருக்காங்கம்மா” என்று தோட்டத்துக் குரலில் சொன்னார். அந்தக் குரல் பத்து மரத்துக்கு அப்பால் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். பிறகு அந்த அம்மாவிடமே, “பின்னால ஒரு முருங்க வச்சுக்கலாமா தாயி?” என்று கேட்டுவிட்டார்.

அந்த அம்மா அவருடைய செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஐயாவுக்கு என்ன வேலை?”

“எஸ்டேட்ல செம்பனைக் குலை வெட்டுனாரு. இப்ப எங்களோடதான் இருக்காரு.”

“ஓ... எஸ்டேட்டா. கூடவே இருப்பாரா?” சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். “எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேனேம்மா.”

இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காரில் காத்திருக்கும்போது ஏஜென்ட் அழைத்தார். ஒரு சீனப் பெண். நெரிசலில் மாட்டிக்கொண்டேன், ஐந்து நிமிடம் என்றார். போன் கார் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. வைக்கப் போகிறவர் எதையோ நினைத்துக்கொண்டவர்போல ஆங்கிலத்தில் கேட்டார்: வீட்டில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் இப்போதும் என்னை அரிக்கிறது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“த்ரீ. ஸ்மால் ஃபேமிலி ஒன்லி.”

பின்னாலிருந்து யாழினி, “நாலும்மா” என்றாள். நான் திரும்பாமலே கையை உயர்த்தி அவளை அடக்கினேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். வாரந்தோறும் லாட்டரி நம்பர் எடுக்கிறவருக்கு ‘த்ரீ’ தெரியாமல் இருக்குமா?

குணா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.

“நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா” என்றார் அப்பா. “நான் காடியிலயே இருக்கேன். இங்க நெழலாத்தான் இருக்கு.”

நீங்களும் வாங்கப்பா என்று நான் சொல்லவில்லை. வாராவாரம் இங்கே எத்தனையோ பேரை விமர்சித்திருக்கிறேன். இதையும் எழுதிவிடத்தான் வேண்டும்.

வீடு பிடித்திருந்தது. ஜன்னலில் பள்ளிக்கூடம் நிஜமாகவே தெரிந்தது. கீழே எங்கள் காரும் தெரிந்தது. அப்பா பின்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே தொங்கப் போட்டிருந்தார்.

திரும்பும் வழியில், “சிம்பாங் அம்பாட்ல கொஞ்சம் நிப்பாட்டுங்க மாப்ள, தம்பியப் பாத்து நாளாச்சு” என்றார். அங்கே சித்தப்பா வீட்டில் அண்ணனும் தம்பியும் வெளியே நின்று நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஏஜென்டிடமிருந்து போன். ஓனர் சம்மதித்துவிட்டார். “அக்சஸ் கார்டு மூணு போதும்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என்ன கார்டு?”

“கேட்டுக்கும் லிஃப்டுக்கும் தட்டுற கார்டு. அலுவலகத்துல எழுதிக் கொடுக்கணும். அதுக்குத்தானே அன்னைக்கு எத்தனை பேர்னு கேட்டேன்.”

நாலு பேர் என்றால்? என்று கேட்டேன்.

“நாலு கார்டு” என்றார். பிறகு சிரித்தார். பக்கத்து வீட்டில் ஏழு பேராம்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் போனேன். “வீடு கிடைச்சிருச்சுப்பா. உங்களுக்கும் கார்டு சொல்லிட்டேன்.”

“எனக்கு எதுக்கும்மா கார்டு? நான் தம்பிகிட்ட அங்க வந்துடுறேன்னு சொல்லிட்டேனே. ரூம்புகூட ஒழிச்சு வச்சிட்டான்.”

“என்னப்பா இது...”

“மாடி வீடெல்லாம் எனக்கு ஒத்து வராதுலா. முட்டி வலி.”

“லிஃப்ட் இருக்கு மாமா” என்றார் குணா.

“லிப்ட்டு கெட்டுப்போனா? ஏழாவது மாடியில நான் யார்கிட்ட பேசுறது, காக்காகிட்டயா?”

யாழினி சிரித்தாள். அவர் அவளுக்காகத்தான் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அப்பா, அன்னைக்குக் காடியில நான்...”

“அன்னைக்கு என்ன?” என்று முடிக்கவிடாமல் தடுத்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். “நீ படிச்ச பிள்ள. யோசிச்சுத்தான் சொல்லியிருப்ப. எல்லாம் பாப்பா படிப்புக்குத்தானே.”

என் படிப்பைப் பற்றி அப்பா எவ்வளவோ பேரிடம் பெருமையாகப் பேசியிருக்கிறார். அது என்னைச் சுட்டது அன்றுதான்.

நீங்களும் வீடு தேடியிருப்பீர்கள். உங்களையும் யாராவது இனத்தைக் கேட்டு, ஊரைக் கேட்டு, வேலையைக் கேட்டு ஒதுக்கியிருப்பார்கள். அதைப் பற்றிப் புகார் எழுதலாம். பத்தி எழுதலாம்... நானே எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டு முறை ஒதுக்கப்பட்டவள் மூன்றாவது முறை யாரும் ஒதுக்கும் முன்பே தன் வீட்டு ஆளைத் தானே ஒதுக்கிவிட்டால், எங்கே போய்ப் புகார் கொடுப்பது? அந்த வீட்டுக்கார அம்மா செருப்பைப் பார்த்த பார்வை கொடுமையானது என்று குணாவிடம் பொருமியவள் நான். அதே பார்வை பத்தே நாளில் எனக்கும் வந்துவிட்டது.

எட்டு நாளைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடிவந்தோம். அப்பா நிபோங் திபாலில் லோரியில் சாமான்களை ஏற்றிக் கட்டினார். பீரோவுக்கு மட்டும் இரண்டு முடிச்சு. எல்லாம் முடிந்ததும் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். பை ஒன்றுதான். யாழினி லோரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று, யாரோடு போவது என்று தெரியாமல் அழுதாள். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன்ல” என்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை. முட்டி வலியாம், வரவில்லை.

பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. மதியம் ஒரு மணிக்குப் பள்ளி விடும். நாங்கள் வீடு வர ஆறரை ஆகும். இடையில் பார்த்துக்கொள்ள ஒரு நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறோம்; அவர்களுடைய வேன் வந்து ஏற்றிக்கொள்ளும்.

பள்ளி நடந்து போகிற தூரம்தான். ஆறு நிமிடம். கூட நடக்கத்தான் ஆள் இல்லை.