அன்ரியின் கதிரைக்குப் போட்ட மாலை

சென்ற குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, என் மாணவர்கள் எல்லோரும் என் கண் முன்னாலேயே பட்டறையை விட்டு வெளியே போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரைத் தடவியபடி நடந்தாள். நான் கையில் தீப்பெட்டியோடு நின்றேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நம் அம்மன் கோயில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். நார்த்மீட்டில் இருந்து வருகிறவன், பிரசாதம் கொடுக்கும் நேரத்திலும் வாய் மூடாதவன். அகதிகளை அடைத்து வைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்து எலக்ட்ரீசியன் வேலை படித்தேன். இப்போது சிட்னியின் மேற்கே ஒரு தொழில்கல்லூரியில் பூர்வகுடி மாணவர்களுக்கான தொழிற்பயிற்சியை ஒருங்கிணைக்கிறேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளைப் படித்துக்கொண்டே அவர்கள் வயரிங்கோ தச்சு வேலையோ பழகி, சான்றிதழோடு வேலைக்குப் போக வேண்டும். ஒருங்கிணைப்பாளர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையைக் காரில் ஏற்றி வருவதும், பயிற்சிக்கு இடம் தரச் சொல்லி முதலாளிமாரிடம் கெஞ்சுவதும்தான் என் வேலை.

உண்மையில் அதை நடத்தியது நான் இல்லை. அந்தச் சமூகத்தின் மூத்த பெண் ஒருவர்தான். நம்மைப் போலவே அவர்களும் வயதில் மூத்த பெண்களை, உறவு இல்லாவிட்டாலும், அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். பட்டறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு இருப்பார். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் எடுப்பார். அவருக்குப் பயந்தும் அவருக்காகவும்தான் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "உன்னை எங்க பூட்டி வச்சிருந்தவங்கள்?" என்று கேட்டார். யாரிடம் விசாரித்தாரோ தெரியாது. வில்லாவுட் என்றேன்.

"அப்ப உனக்கு விளங்கும். இந்த ஷட்டரை மூடாத. எங்கட பிள்ளையள் மூடின கதவைக் கண்டால் திரும்பிப் போயிடுவினம்."

அன்று முதல் எவ்வளவு குளிர் என்றாலும் பட்டறையின் ஷட்டர் திறந்தே இருக்கும். எனக்குச் சளியும் தீராமலே இருக்கும்.

அந்த அன்ரி, இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையில், திடீரென்று காலமாகிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். என் போனில் இருந்த அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். கீழே பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தேன். கடையில் சொல்லிவைத்து மாலை வாங்கினேன். அவர் இருந்த கதிரையிலேயே படத்தை வைத்து, மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றினேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் வந்தார்கள்.

கண்ணைப் பொத்திக்கொண்டு போனவள் கைலா. அன்ரியின் பேத்தி. அந்த வருடம் வயரிங் படிப்பை முடிக்க வேண்டியவள்.

சற்று நேரத்தில் அன்ரியின் மகளும் கைலாவின் தாயுமான டெனிஸ் போன் எடுத்தாள். "அம்மாவின்ர படத்தை அங்கயிருந்து எடு. அவவின்ர பெயரை இனிச் சொல்லாத." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அந்தக் குடும்பத்தின் வழக்கத்தில், இறந்தவரின் முகத்தையும் பெயரையும் மறைத்து வைக்க வேண்டும். மறுபடி எப்போது வெளியே எடுக்கலாம் என்று குடும்பம்தான் சொல்லும். இந்த நாட்டில் தொலைக்காட்சி பார்க்கிற எல்லோருக்கும் அந்த அறிவிப்புத் தெரியும். இறந்த பூர்வகுடியினரின் படங்கள் இதில் இருக்கலாம் என்று நிகழ்ச்சிக்கு முன்னால் போடுவார்கள். நானும் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது என் வாசலுக்கு வரும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. மரியாதை என்று நினைத்து, துக்கத்தில் இருந்த பிள்ளையின் நெஞ்சில் அடித்திருக்கிறேன். படத்தைக் கதிரையில் இருந்து எடுத்து, முகம் தெரியாமல் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆள் இல்லாத வகுப்பை நடத்த முடியாது, இந்தத் தவணையோடு மூடவேண்டி வரும் என்று மேலதிகாரி சொன்னார். மூடினால் கைலாவின் படிப்பும் அரைகுறையாக நின்றுவிடும்.

வீட்டுச் சாமியறையில் அம்மன் படத்துக்கு முன்னால் போய் இருந்தேன். "அம்மாளாச்சி, உனக்குப் போடுற மாலையைத்தானே அவவுக்கும் போட்டனான். இப்பிடியா செய்வாய்?" என்று சண்டை பிடித்தேன். பிறகு அழுதேன். பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து விடு, வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்றேன். அம்மாள் வாய் திறக்கவில்லை. என் மனைவி திறந்தாள்.

டெனிஸுக்குப் போன் எடுக்கப் போன என்னிடம், "ஆருக்கு எடுக்கிறியள்?" என்று கேட்டாள். சொன்னேன்.

"ஓம், நல்லாயிருக்கு. எங்கட ஆக்களெண்டால் சாவுத் துடக்குக் காக்கிற வீட்டுக்குப் போன் அடிச்சு, பிள்ளையை வகுப்புக்கு அனுப்பு எண்டு கேப்பியளோ? முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியுமட்டும் கோயில் வாசலையே மிதிக்க மாட்டம்."

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நான் கும்பிட்டுக் கேட்டதற்குப் பதில் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் இருந்து வந்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அதன்பிறகு நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. படத்தை என் பட்டு வேட்டியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். ஒவ்வொரு காலையும் ஷட்டரைத் திறந்தேன், லைட்டுகளைப் போட்டேன், அன்ரியின் கதிரையை அதன் இடத்தில் வெறுமையாக வைத்தேன். குளிருக்குள் தனியாக இருந்து அம்மாளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எனக்குத் தலையில் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வாரங்கள் போயின. எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. தவணை முடிய இருந்த நேரத்தில், வேலையை விடுகிறேன் என்று சொல்ல மேலதிகாரியின் அறைக்குப் புறப்பட்டேன்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டெனிஸ் இறங்கினாள். கையில் யூக்கலிப்டஸ் கிளைகள். பின்னால் அவளுடைய மாமா. அதற்குப் பின்னால், தெருவோரத்தில், என் பிள்ளைகள். எல்லோரும். கைலாவும். என் கால் நிலத்தில் பாவவில்லை.

மாமா வாசலில் இலைகளைக் கொளுத்தினார். வெள்ளைப் புகை பட்டறைக்குள் போனது. நம் வீட்டில் சாம்பிராணி காட்டுவது போலவே மூலை மூலையாகக் காட்டினார். துக்கம் பட்ட இடத்தை அவர்கள் அப்படித்தான் தூய்மை செய்வார்களாம். என்னை ஏசத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் ஒதுங்கி நின்றேன். டெனிஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா. நீதான் முதல்ல நிக்கவேணும்."

புகைக்குள் நின்று அழுதேன். புகையால் என்று பொய் சொல்ல வசதியாக இருந்தது.

"வேலைக்குப் போற வழி இது," என்றாள் டெனிஸ். "ஒவ்வொரு நாளும் பார்த்தனான். ஷட்டர் திறந்திருந்தது. கதிரையில நீ ஒருத்தரையும் இருத்தேல்லை. எங்களை வரச்சொல்லிக் கேக்கவும் இல்லை." பிறகு மெதுவாக, "படத்தை எறிஞ்சிட்டியா?" என்றாள்.

அலுமாரியில் இருந்து எடுத்து, சுற்றிய வேட்டியோடு கொடுத்தேன். அவள் அதைப் பிரிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் கருவிகளை எடுத்தார்கள். வகுப்பை மூடும் பேச்சும் அதோடு நின்றது.

இப்போது பிள்ளைகள் வராத நாட்களில் நான் பதறுவதில்லை. வீட்டில் என்ன துக்கமோ என்றுதான் முதலில் நினைக்கிறேன். உங்களில் யாராவது கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் உடைந்திருந்தால், அம்மாளை விட்டுவிடாதீர்கள். சண்டை பிடித்தாலும் பரவாயில்லை, நானும் பிடித்தவன்தான். உங்கள் கதவை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

கைலா படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று டெனிஸ் மறுபடி வந்தாள். கையில் என் வேட்டி மூட்டை. எல்லோருக்கும் முன்னால் அதைப் பிரித்து, படத்தை அந்தக் கதிரையில் தானே வைத்தாள். தாயின் பெயரை உரத்துச் சொன்னாள். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அந்தப் பூமாலை எங்க?"