கராம்பு மணந்த பவுசர்

நிரஞ்சனி, ஊர்க் கழிவுநீர் வந்து விழும் தொட்டியின் இரும்பு மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள். கழிவு ஏற்றிப் பின்னோக்கி வந்த பவுசர் வண்டி அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"தங்கச்சி, எழும்புங்க. குழாயப் போடணும்," என்றார் சாரதி ஸப்வான் நானா.

"போட ஏலாது நானா. கராம்பு மணக்குது."

"மணந்தா நல்லதுதானே! நாள் பூரா நாத்தத்துல நிக்கிறீங்க, இது அத்தர் மாதிரி."

நான் சல்லடைக் கம்பிகளில் சிக்கிய துணியையும் பொலித்தீனையும் வாரிக்கொண்டிருந்தேன். அது என் வேலை. எனக்கு அடுத்து மணல் படியும் வாய்க்கால். அதற்கும் அடுத்து, இரவும் பகலும் காற்று ஊதும் பெரிய தொட்டி. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் அங்கேதான் ஊரின் அழுக்கைத் தின்கின்றன. தின்று கொழுத்துத் திரண்டு அடியில் படிந்தபின், மேலே தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும். நிரஞ்சனி தினமும் அந்தத் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிச் சாடியில் மொண்டு வைத்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு தெளிகிறது என்று பார்ப்பாள்.

உக்குவளைப் பக்கத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஆறு வருடமாக அமய வேலை. நிரந்தரமாக்குவதாகச் சொல்லியே ஆறு வருடம் போய்விட்டது.

போன வருடமும் இப்படியொரு பவுசர் வந்தது. கராம்பு இலையில் எண்ணெய் வடிக்கிற இடத்தின் கழிவு. "ஆகா, என்ன வாசம்!" என்று சிரித்தபடி மூடியைத் திறந்துவிட்டவள் நிரஞ்சனிதான். நானும் மூச்சை இழுத்து ரசித்தேன். இரண்டாம் நாள் சாடி தெளியவில்லை. மூன்று கிழமைக்குக் கலங்கல் தண்ணீர் ஆற்றில் போனது. கீழே குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. காற்று மோட்டார் பழுது என்றார்கள் அலுவலகத்தில். அவள் மட்டும் நம்பவில்லை.

"இலையும் தண்ணியும்தான் தங்கச்சி. நஞ்சா ஊத்தப்போறேன்?"

"பல்லு வலிச்சா என்னத்த வைப்பீங்க நானா?"

"கராம்பு எண்ண."

"எதுக்கு?"

"கிருமி சாகத்தான்."

"இங்க வேலை செய்யிறதே கிருமிதான். அதுகளச் சாகடிச்சிட்டு, நீங்களா தொட்டிக்குள்ள எறங்குவீங்க?"

நானா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பொறுப்பதிகாரிக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

"எழும்பச் சொல்லு! இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்ல!"

"வருவேன் சேர்," என்றாள் போனைப் பார்த்து. "இதே மூடிமேலதான் இருப்பேன்."

ஒரு மணி நேரம் வெயிலில் அப்படியே இருந்தாள். கடைசியில் நானா வண்டியைத் திருப்பினார். போகுமுன் அவரிடமே ஒரு கோப்பைக் கழிவு கேட்டு வாங்கிக்கொண்டாள். "குடிக்கவா?" என்று கேட்டாலும் ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டு வாளிகளில் தொட்டித் தண்ணீரை எடுத்தாள். ஒன்றில் மட்டும் அந்தக் கோப்பையைக் கவிழ்த்தாள். அலுவலக மீன்தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த சின்னக் காற்று மோட்டார்களை இரண்டிலும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சேர் வருமுன் அவள் வந்துவிட்டாள். வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். வாளிகளிலிருந்து இரண்டு சாடிகளில் மொண்டு அவர் மேசையில் வைத்தாள். அரை மணி நேரத்தில் ஒன்று தெளிந்தது. மற்றது பால் தேத்தண்ணி போலக் கலங்கியே கிடந்தது, லேசாகக் கராம்பு மணத்தோடு.

"இதுல எத ஆத்துக்கு விடச் சொல்றீங்க சேர்? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நானே மூடியத் தொறக்கிறேன்."

சேர் பேனையைத் தொடவில்லை. சாடிகளை மாறி மாறிப் பார்த்தார். வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை.

"அந்த மூடிக்கு ஒரு பூட்டுப் போடணும்," என்றார் ஒருவழியாக.

"காலையிலேயே போட்டாச்சு," என்றாள் நிரஞ்சனி. சாவியை அவரிடம் கொடுக்கவில்லை.