பசை காயாத நோட்டீஸ்

நகராட்சியில் அவரைப் பசையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டுகிறார். ஒரு வீட்டை இடிக்க வேண்டுமானால் முதலில் அவர் வாளியோடு போக வேண்டும். ஒட்டிய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் வீட்டுக்காரர் வந்து தன் நியாயத்தைச் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் இயந்திரம்.

அந்தப் பதினைந்து நாள் எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததில்லை. மனைவி தன் பதவி உயர்வுத் தேர்வுக்கு உரக்கப் படித்தபோதுதான் காதில் விழுந்தது.

“மனுஷன் பொறக்கும்போதே உயிர், சுதந்திரம், உடைமைன்னு உரிமைகளோட பொறக்கிறான். அதைக் காப்பாத்தத்தான் அரசாங்கமே வந்துச்சாம்.”

“நான் பொறந்தப்ப இடுப்புல துணிகூட இல்லையே!”

“அரசாங்கம் கொடுக்காததை அரசாங்கம் கேக்காம பிடுங்கக் கூடாது. அதுக்குத்தான் உங்க பதினஞ்சு நாள். எவனோ முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி யோசிச்சது, உங்க வாளியில வந்து நிக்குது. போங்க, பால் பொங்குது.”

மறுநாள் மேலதிகாரி ஒரு நோட்டீஸை நீட்டினார். சாலை அகலப்படுத்தத் தையல்காரம்மாவின் வீட்டை இடிக்க வேண்டுமாம். ‘ஒட்டிய நாள்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது பசையண்ணன் வேலை.

“ரெண்டு வாரம் முந்தின தேதி போடுங்க. நாளைக்கு வண்டி வருது.”

“பசை ஈரமா இருக்குமே சார்?”

“பசைகிட்ட யாரு தேதி கேக்கப்போறா?”

பசையண்ணன் நோட்டீஸைச் சுவரில் ஒட்டும்போது கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா வெளியே வந்தார். “என்னண்ணே, கல்யாணப் பத்திரிகையா?” படித்ததும், “என் வீட்டையா?” என்றார்.

பசையண்ணன் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. பேனாவைத் திறந்தார். அன்றைய தேதியை எழுதினார். பெரிய வீரம் என்று சொல்ல மாட்டேன். ஒட்டிய நாளைத்தான் எழுதினார்.

“பதினஞ்சு நாள் இருக்கும்மா. வீட்டுப் பத்திரத்தோட ஆபீசுக்கு வாங்க.”

காலையில் இயந்திரம் வந்தது. ஓட்டுநர் இறங்கித் தேதியைப் படித்தார். “நேத்து ஒட்டினதா? எனக்கெதுக்குப்பா வம்பு!” என்று வண்டியைப் பின்னால் எடுத்தார்.

பசையண்ணனுக்கு ஒரு மெமோ வந்தது. பன்னிரண்டாம் நாள் விசாரணையில் தையல்காரம்மா பத்திரத்தை விரித்தார். மறுபடி அளந்து பார்த்தார்கள். சாலை எல்லைக்கு மூன்றடி வெளியே இருந்தது வீடு.

ரத்து உத்தரவை ஒட்டவும் பசையண்ணனே வாளியோடு போனார். தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

“இந்தத் தடவையாவது பத்திரிகையா, அண்ணே?”

“கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பசை தெறிக்கும்.”